வலப்பக்க மூலைச் சீட்

பொறாமை என்றால் என்னவென்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கல்யாணம் முடித்த மூன்றாம் வருடம் என் கணவரைக் கொரியாவுக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வருடம் அவரை ஒரு கொக்குக் கூட்டத்தோடு பங்கு போட்டவள் நான். கொக்கு என்றால் பறவை இல்லை, பேஸ்போல் டீம். அவர் வேலை செய்த துறைமுகப் பட்டினத்து டீமுக்குக் கொக்குகள் என்று பெயர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துப் பட்டி, நெஞ்சில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு.

ஆறு நாள் பிளாஸ்டிக் அச்சு மெசினோடு மாரடித்துவிட்டு ஏழாம் நாள் மனுசன் ஓடுவது அந்த மைதானத்துக்குத்தான். எனக்குப் போன் கோல் வருவது ஆட்டம் முடிந்த பிறகு. கொக்கு வென்றால் அரை மணித்தியாலம் கதைப்பார். தோற்றால், "சாப்பிட்டியா? புள்ள சாப்பிட்டுதா? சரி, வைக்கிறன்." கண் காணாத தேசத்தில் எவனோ ஒருவன் பந்தை ஒழுங்காக எறிந்தானா இல்லையா என்பதைப் பொறுத்துப் புருசனின் பாசம் கூடிக் குறைந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் வயிறு எரியாது?

திரும்பி வந்த அன்று பெட்டியைத் திறந்தார். எனக்கு முகத்துக்குப் பூசும் கிறீம், மகள் பஸ்மியாவுக்குச் சொக்லட், அடியில் பொலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றிய கொக்குச் சட்டை. அதை அலுமாரியில் என் கல்யாணச் சாரிக்குப் பக்கத்தில் கொழுவினார். சக்களத்தி வந்து வீட்டுக்குள்ளேயே குந்திவிட்டாள் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

மறுபடியும் போகத்தான் இருந்தார். ஆனால் கொரியாக்காரன் முப்பத்தொன்பது வயதுக்கு மேல் ஆளெடுப்பதில்லை. இவருக்கு அந்த வயது தாண்டிவிட்டது. பிறகு உள்துறைமுக வீதியில் எங்கள் வீட்டின் முன்னறையைத் திறந்து கயிறு, வலை, மிதப்பு, தூண்டில் விற்கும் கடை போட்டார். போட்ட கையோடு சுவரில் ஒரு பெரிய டிவியையும் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அங்கே ஆட்டம் தொடங்கினால், போனில் இருந்து டிவிக்கு எடுத்துப் போட்டுவிடுவார். வலை வாங்க வருகிறவர்களும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவார்கள். "எங்கட ஊர்ல தடியால பந்தடிச்சு ஓடுற எல்லேதான். கொரியாக்காரன் கையில உறையப் போட்டுக்கிட்டு விளையாடுறான்" என்று முதல்முறை வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார். பக்கத்தில் ஐஸ் கடை வைத்திருக்கும் பாக்கியரத்தினம் அண்ணன் ஒரு ஞாயிறு தவறாமல் வருவார். விளையாட்டுப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. யார் அடித்தாலும் கைதட்டுவார்.

என் கணவர் ஸெய்னுதீனைக் கேட்டால் அந்த டீமின் மனேஜருக்கு மூளையே கிடையாது. பந்தெறிபவனை ஆறாவது இனிங்ஸோடு மாற்ற வேண்டியதை ஏழாவது வரைக்கும் விடுகிறானாம். கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கிறவனின் கை சென்ற வருடமே செத்துவிட்டதாம். மூன்று வெளிநாட்டுக்காரரை வைத்திருக்கலாம் என்று சட்டம் இருக்க, இரண்டு பேரை மட்டும், அதுவும் பந்தெறிபவராகவே எடுத்து வைத்திருப்பது முட்டாள்தனமாம். அடிக்கிறவர்களில் இடக்கைக்காரன் ஒரே ஒருவன். அவனும் தோள் மூட்டு விலகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மிச்சம் எல்லாரும் வலக்கை. "வலக்கையால அடிச்சா பந்து இடப்பக்கம்தான் போகும். மத்த டீம்காரன் எல்லாரையும் இடப்பக்கம் தள்ளி நிப்பாட்டிட்டு நித்திரை கொள்ளலாம்" என்பார். இவ்வளவு நுணுக்கமாக வீட்டுக் கூரை ஒழுக்கைப் பார்த்திருந்தால் மாரிக்கு நான் வாளி வைத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் அவருடைய முழுக் கோபமும் ஒரு ஆளின் மேல்தான். மூன்றாம் தளத்தில், அதாவது மூன்றாவது பேஸில், காவல் நிற்கும் மா டே சிக். முப்பத்தெட்டு வயது. பெயர் வாயில் நுழையாததால் கடையில் எல்லோருக்கும் அவர் 'கிழவன்'. முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு ஓடுவார்.

"கிழவன வெளியில போடணும்" என்று ஒவ்வொரு ஞாயிறும் தொடங்குவார் இவர். "காலும் ஓடாது, கண்ணும் தெரியாது. வயசு போனா மரியாதையா எடத்த விட்டுட்டுப் போகணும். மனுசனுக்கு அது தெரிய வேணாமா?"

வயது போய்விட்டது என்று இவரைத் தள்ளிவிட்ட ஊர், அந்தக் கிழவனை மட்டும் வைத்துச் சோறு போடுகிறது. எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா என்ன. நானும் அந்த நெருப்பில் வெந்தவள்தானே. தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இந்தக் கடையில்தான் சிந்துஜன் வந்து இருக்கத் தொடங்கினான். கட்டைபறிச்சான் ஊர்ப் பெடியன், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். கொரிய மொழி வகுப்புக்காக டவுனுக்கு பஸ்ஸில் வருவான். வகுப்பு முடிய எங்கள் கடைக்கு வந்து ஆட்டம் பார்ப்பான். நல்ல பிள்ளை. சொந்த அக்கா, அண்ணனைப்போல என்னை ராத்தா என்றும் இவரை நானா என்றும் வாய் நிறையக் கூப்பிடுவான். சோதனை பாஸ் பண்ணினான், விசா வந்தது. யாரை எந்த ஊருக்கு எடுப்பது என்பது அந்த நாட்டு முதலாளிமார் பார்த்துச் செய்வது. எத்தனையோ ஊர் இருக்க, அவனுக்குக் கிடைத்தது கொக்குகளின் ஊர்.

செய்தி சொல்ல வந்தவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார் இவர். அன்றைக்கு இரவு சோறு இறங்கவில்லை. "கறியில உப்பு" என்றார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவன் அங்கே போன பிறகுதான் வேடிக்கை. ஞாயிறு காலை டிவியில் ஆட்டம் தொடங்கும் முன்னே சிந்துஜனின் வீடியோ கோல் வந்துவிடும். முதல் ஞாயிறு, "நானா, நீங்க சொன்ன அதே வாசலால வந்தனான்." இரண்டாம் ஞாயிறு, "நானா, நீங்க சொன்ன பொரிச்ச கோழிக்கடை இன்னும் கிடக்கு." இவர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். போனை வைத்ததும் முகம் வேகாத பிட்டுப்போல இறுகிவிடும். அதையும் தாங்கியிருப்பார். பெடியன் மெல்ல மெல்ல அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினதுதான் பொறுக்கவில்லை.

"கிழவனுக்கு இண்டைக்கும் எடம் குடுத்திருக்கான் பாத்தியா, அந்த மனேஜர்?" என்று இவர் ஒருநாள் கேட்க, சிந்துஜன் சொன்னான்:

"இல்லை நானா, அவர் நல்லா விளையாடுறார். பந்து வர முந்தியே அந்த இடத்துக்குப் போய் நிக்கிறார், அதான் ஓடத் தேவையில்லை. டிவியில பாத்தா அது தெரியாது."

டிவியில் பார்த்தால் தெரியாது! பாக்கியரத்தினம் அண்ணன் அதற்கும் கைதட்டினார். ஐந்து வருடம் வெயிலிலும் மழையிலும் அந்த மைதானத்தில் கிடந்த மனுசனைப் பார்த்து, நேற்றுப் போனவன் சொன்ன கதை. இவர் அன்று பின்னேரம் கயிறு வாங்க வந்த கிண்ணியா ஆளோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு சிந்துஜன் துள்ளிக்கொண்டு கோல் எடுத்தான். "நானா, ஒரு பந்து எனக்கு ரெண்டு வரிசை முன்னால வந்து விழுந்தது. மயிரிழையில தப்பிட்டுது. அடுத்த கிழமை புடிச்சிடுவன்!"

இவருடைய முகம் வெளிறிப் போனதைக் கதவு நிலையில் நின்று பார்த்தேன். ஏன் என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பந்துக் கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. அடிக்கிற பந்து பார்க்கிறவர்களுக்குள் வந்து விழுந்தால், பிடிக்கிறவருக்கு அது சொந்தம். ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய ஆள் பந்தைப் பிடித்தால் மைதானமே எழும்பி நின்று, "ஆ-ஜு-ரா! ஆ-ஜு-ரா!" என்று கத்தும். பிள்ளைக்குக் குடு என்று அர்த்தமாம். பக்கத்தில் உள்ள ஏதாவதொரு பிள்ளையிடம் கொடுக்கும்வரை விடமாட்டார்கள். என் கணவர் ஒரு பந்தைப் பிடித்து, சனம் கத்த, ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். வலைக்குக் கட்டும் உருண்டை மிதப்பு ஒன்றைப் பந்தாகக் கையில் எடுத்து, எப்படிப் பாய்ந்தார், எப்படிப் பிடித்தார் என்று நடித்தே காட்டுவார். அந்தப் பிள்ளையின் தொப்பி மட்டும் ஒருநாள் சிவப்பு, ஒருநாள் மஞ்சள். ஒருமுறை பிள்ளைக்குத் தொப்பியே இல்லை, இரட்டைச் சடை.

நடந்தது எனக்குத் தெரியும். அவர் அங்கே இருந்த காலத்தில் பஸ்மியா வாய் திறந்து கதைக்கத் தொடங்கியதிலிருந்து போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாப்பா, பந்து?" கொக்குப் பந்து ஒன்று கொண்டு வருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் நானும் கேட்பேன், "கெடச்சதா?" "இல்ல றம்லா. பக்கத்தில இருந்தவன் புடிச்சிட்டான்." "இல்ல. கையில பட்டு வழுகிப் பெய்த்து." வருகிறதற்கு முந்தின ஞாயிறும் இல்லைதான். வந்த அன்று ஆறு வயதுப் பிள்ளை பெட்டி முழுவதையும் கிண்டிப் பார்த்துவிட்டு, "பந்து எங்க வாப்பா?" என்று நின்றது. இவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "புடிச்சன் மகள். ஆனா அங்க ஒரு புள்ள அழுதுது, அதுக்குக் குடுத்துட்டன்." பஸ்மியா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லம் வாப்பா" என்றாள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீதிக்கு வந்து, வீதியிலிருந்து கடைக்கு வந்துவிட்டது கதை. நான் என்ன சொல்ல? வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது சிந்துஜன் ஒரு பந்தைப் பிடித்துவிட்டால்? உண்மையான பந்து, உண்மையான கை, டிவியில் வேறு காட்டுவார்கள். இவருடைய மிதப்பை யார் பார்ப்பார்கள்?

அடுத்த சனிக்கிழமை அவராகவே சிந்துஜனுக்குக் கோல் எடுத்தார். குரலில் தேன் ஒழுகியது.

"தம்பி, எந்த நாளும் ஒரே எடத்தில இருந்து பாத்தா ஆட்டம் படிக்க ஏலாது. நாளைக்கு வலப்பக்க மூலையில, கடைசி வரிசையில ஒரு சீட் எடு. அங்க இருந்து பாத்தாத்தான் மைதானம் முழுக்க வெளங்கும்."

"அப்பிடியோ நானா? சரி, நீங்க சொன்னா சரிதான்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். போனை வைத்ததும் நான் கேட்டேன்.

"இஞ்ச, அந்த வலப்பக்க மூலையப் பத்தி நீங்க என்ன சொல்லுவீங்க? கண்ணுக்க வெயில் குத்தும், அங்க இருக்கிறவன் விசரன் எண்டுதானே?"

"அவனுக்கு ஆட்டம் வெளங்கட்டும் எண்டுதான்."

"பந்து வராத எடமெல்லோ அது?"

"உனக்கு என்ன தெரியும் பேஸ்போலப் பத்தி?" என்றார்.

எனக்கு என்ன தெரியுமாம். இடக்கைக்காரன் ஆஸ்பத்திரியில், மிச்சம் எல்லாம் வலக்கை, வலக்கை அடித்தால் இடப்பக்கம். மூன்று வருடம் தேத்தண்ணி ஊற்றியே நான் இதைப் படித்துவிட்டேன். படித்த வித்தையெல்லாம் சேர்த்து மனுசன் ஒரு பெடியனின் கையில் பந்து விழாமல் காவல் போட்டிருக்கிறார். கேவலமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. சக்களத்தியோடு அவருக்கும் நிம்மதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியதிலிருந்து இவருக்கு ஒரே உற்சாகம். ஒவ்வொரு பந்தும் இடப்பக்கமே போனது. "சொன்னனே!" என்று தொடையில் தட்டினார். இடையில் பகல் ளுஹர் தொழுதுவிட்டு ஓடி வந்தார். கொக்குகள் ஒரு ஓட்டம் பின்னால். கடைசி இனிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஒருவன் முதலாம் தளத்தில் நிற்கிறான். அடிக்க வந்தது கிழவன்.

"முடிஞ்சுது" என்றார் இவர். "இவன அனுப்பின மனேஜர இண்டைக்கே வீட்ட அனுப்பணும்."

பாக்கியரத்தினம் அண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டார்.

பந்தெறிந்தவன் கிழவனுக்கு எட்டாத பக்கமாகத்தான் எறிந்தான். கிழவன் அதை இழுத்து அடிக்கவில்லை. முழங்காலை மடித்து, பிந்தி, அப்படியே தள்ளிவிட்டார். பந்து எழும்பியது. இடப்பக்கம் தள்ளி நின்ற எதிராளிகள் எல்லோரும் திரும்பி ஓடினார்கள். பந்து வலப்பக்கம் போனது. போய்க்கொண்டே இருந்தது. வேலியைத் தாண்டி, கீழ் வரிசைகளைத் தாண்டி, வெயில் கண்ணைக் குத்துகிற மூலையில் ஒற்றையாக இருந்த ஒரு கறுத்தப் பெடியனை நோக்கி வந்தது. அவன் எழும்பினான், இரண்டு கையையும் சேர்த்தான், பிடித்தான்.

"எங்கட சிந்துஜன்!" என்று பாக்கியரத்தினம் அண்ணன் கத்தின கத்தில் வீதியால் போன ஓட்டோ நின்றது.

கொக்கு வென்றுவிட்டது. கொக்கு வென்றும் என் கணவரின் முகம் செத்துக் கிடந்ததை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

டிவியில் கிழவன் நொண்டி நொண்டித் தளங்களைச் சுற்றி வந்தார். பிறகு கமரா மூலைக்குப் போனது. சிந்துஜன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அப்போது அந்தச் சத்தம் தொடங்கியது. "ஆ-ஜு-ரா! ஆ-ஜு-ரா!" மைதானம் முழுக்க. இவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். கொடுத்தால் பந்து அவனிடம் இருக்காது, அது ஒரு ஆறுதல். கொடுக்காவிட்டால் சனம் அவனை ஏசும், அதுவும் ஒரு ஆறுதல். எதை வேண்டுவதென்று தெரியாமல் அந்த முகம் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிந்துஜன் பந்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். நாலு வரிசை இறங்கிப் போனான். தகப்பனின் தோளில் இருந்த ஒரு சின்னப் பிள்ளையின் கையில் வைத்தான். மைதானம் அதிர்ந்தது. சத்தம் கேட்டு உள்ளே படித்துக்கொண்டிருந்த பஸ்மியாவும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இவர் எடுக்கவில்லை. "எடுங்கோ நானா, பெடியன்தான்" என்று பாக்கியரத்தினம் அண்ணனே பச்சையைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தராசில் சாத்தி வைத்தார்.

"நானா! பாத்தீங்களோ?" சிந்துஜனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் சனம் பாடிக்கொண்டிருந்தது. "நீங்க சொன்ன அதே சீட், நானா! வேற ஆராலயும் இப்பிடிச் சொல்ல ஏலாது. நீங்க ஆட்டத்தை அப்பிடிப் படிச்சு வைச்சிருக்கிறீங்க."

கடையில் இருந்த எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியரத்தினம் அண்ணன் தோளில் தட்டினார்.

"குடுக்க எனக்கு மனமே வரேல்லை, நானா. சட்டைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு ஓடுவம் எண்டுதான் நினைச்சனான். அப்பத்தான் உங்கட ஞாபகம் வந்தது. பஸ்மியாவுக்கு எண்டு வைச்சிருந்த பந்தையே நானா குடுத்தவர், எனக்கென்ன எண்டு குடுத்திட்டன்."

பஸ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா மாதிரியே" என்றாள்.

இவர் தலையை நிமிர்த்தவில்லை. மிதப்பு வைத்துப் பிடித்துக் காட்டிய மனுசன் அங்கே இல்லை. தான் சொன்ன பொய்யை இன்னொருவன் உண்மையாகவே செய்துவிட்டு வந்து நிற்கிறான். அதைவிட என்ன பொறாமை இருக்கிறது உலகத்தில்?

சிந்துஜன் போனுக்குக் கிட்ட வந்தான். சிரிப்புக் குறைந்துவிட்டது.

"நானா, ஒண்டு கேக்கவோ? குடுத்த நேரத்தில இருந்து கை ஒரு மாதிரிக் கிடக்கு. அது என்ர பந்து எண்டு மனம் கிடந்து அடிக்குது. சொல்ல வெக்கமாக் கிடக்கு, அந்தச் சின்னப் பிள்ளையில எனக்குப் பொறாமையாக் கிடக்கு. உங்களுக்கும் இப்பிடி இருந்ததோ? எப்ப போனது?"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்று பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதே பார்வை.

ஒரு வசனம் போதும் எனக்கு. கொக்கின் கழுத்து என் கைக்குள் இருந்தது. ஐந்து வருடம் ஞாயிறு ஞாயிறாக அவள் தின்ற என் அரை மணித்தியாலங்களுக்கு இதோடு ஒரு முடிவு கட்டலாம். இனி இந்தக் கடையில் யாரும் அந்தச் சட்டையைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். பஸ்மியாவின் கை என் கைக்குள் சூடாக இருந்தது.

நான் போனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அந்தப் பொறாமை அவருக்கு இன்னும் போகல்ல, தம்பி" என்றேன்.